கீழ் அறைக்கு ஒரு அடிவிரிப்பு

ஜனவரி 12

மச்சான்,

ஃபோன்ல நான் என்ன சொன்னாலும் நீ "சரி மாமா, சரி மாமா"ங்கற. நாப்பது வருஷமா பலகை அறுக்கற மெஷின் பக்கத்துல நின்ன காது, ஒண்ணும் கேக்கலைன்னு எனக்குத் தெரியாதா? போன வாரம் உன் முட்டி எப்படி இருக்குன்னு கேட்டேன். அதுக்கும் சரி மாமாதான். அதனாலதான் பேனாவை எடுத்துட்டேன்.

சுத்தி வளைக்காம சொல்லிடறேன். நம்ம வீட்டுக் கீழ் அறையைச் சரி பண்றேன். நீ வந்து இருக்கறதுக்குத்தான். லிஃப்ட் இல்லாத கட்டடத்துல, மூணாவது மாடிக்கு, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நீ ஏறுறதைப் போன தடவை வந்தப்போ பார்த்தேன். நடுவுல வலி தாங்காம நின்னுட்டு, எனக்குத் தெரியக் கூடாதுன்னு குனிஞ்சு ஷூ லேஸைக் கட்டற மாதிரி நடிச்ச. நீ போட்டிருந்தது செருப்பு.

கீழ் அறைக்கு நீ படி இறங்கவே வேணாம். வீடு சரிவுல இருக்கறதால முன்பக்கம் மண்ணுக்குள்ள போனாலும், பின்கதவு நேரா சந்துல திறக்குது. நடந்து உள்ள வந்துடலாம்.

தரைதான் பிரச்சினை. வெறும் சிமெண்ட், குளிர் எலும்பு வரைக்கும் ஏறுது. லேமினேட் பலகை போடலாம்னு கடைக்குப் போனேன். பலகையைச் சட்டுனு எடுத்துட்டேன். அதுக்கு அடியில ஒரு விரிப்பு போடணுமாம், அங்கதான் மாட்டிக்கிட்டேன். பச்சை ஃபோம், நீல ஃபோம், வெள்ளித்தாள் ஒட்டின ஃபோம், கார்க், ரப்பர், பழைய துணியை அரைச்சு அழுத்தின மாதிரி இன்னொண்ணு. கடைப் பொண்ணு ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டறா, நான் ஒவ்வொண்ணையும் வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பார்க்கறேன். மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்ச்சே காலத்தை ஓட்டினவனுக்கு வேற என்ன தெரியும்?

எதைப் போடறதுன்னு நீதான் சொல்லணும். உன் முட்டிக்கு மெத்துன்னு இருக்கணும். பச்சை ஃபோம் நல்லா அமுங்குது. அதையே ரெண்டு அடுக்கா போட்டா இன்னும் நல்லது இல்ல?

மாமா


ஜனவரி 20

மாமா,

ரெண்டு அடுக்கா? இதை வெளிய யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதீங்க. உங்க மச்சினன் தரை போடறவன்னு ஊருக்கே தெரியும். லேமினேட் பலகை ஒண்ணோட ஒண்ணு கொக்கி போட்டு மாட்டிக்கிட்டு நிக்குது. அடியில பஞ்சு மாதிரி எதையாவது போட்டா, கால் வெக்கற போதெல்லாம் பலகை அமுங்கி, மாட்டின இடம் உடைஞ்சு, ஒரே வருஷத்துல பல்லை இளிச்சிடும். மெத்துன்னு வேணும்னா மெத்தை வாங்குங்க. தரை தரையா இருக்கட்டும்.

நான் வரமாட்டேன். இதைத்தான் முதல் வரியில எழுதணும்னு உக்காந்தேன், அந்த ரெண்டு அடுக்கு என்னைக் கிளப்பிவிட்டுடுச்சு.

கோபம் ஒண்ணுமில்ல மாமா. அக்கா இருந்த வரைக்கும் அது என் அக்கா வீடு. தனியா அறை எடுத்துப் போன பிறகும் சொல்லாம கொள்ளாம வருவேன், அடுப்புல என்ன இருக்குன்னு மூடியைத் திறந்து பார்ப்பேன், நீங்க வாங்கி வெச்ச பேப்பரை உங்களுக்கு முன்னாடி படிச்சுக் கசக்கி வெப்பேன். அவ போய் ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப அது உங்க வீடு. நாளைக்குத் தெருவுல யாராவது, கீழ இருக்கறது யாருன்னு கேட்டா என்ன சொல்வீங்க? செத்துப்போன பெண்டாட்டியோட தம்பின்னா? நடுவுல இருந்த ஆள் போன பிறகு நான் உங்களுக்கு யாரு மாமா? இதுக்குப் பதில் சொல்லுங்க.

அது கிடக்கட்டும். வாடகைக்கு விட்டாலும் தரையை ஒழுங்கா போடணும். விரிப்பு வாங்கறதுக்கு முன்னாடி சிமெண்ட்ல ஈரம் இருக்கான்னு பாருங்க. பிளாஸ்டிக் ஷீட்டை ஒரு முழத்துக்கு ஒரு முழம் வெட்டி, தரையில வெச்சு, சுத்திலும் இடைவெளி விடாம டேப் ஒட்டுங்க. நடுவுல ஒண்ணு, மூலைக்கு ஒண்ணு. ரெண்டு மூணு நாள் கழிச்சுப் பிரிச்சா அடியில வேர்த்திருக்கான்னு தெரிஞ்சுடும்.

மண்ணுக்குள்ள போற சுவர் ஓரத்தை மறந்துடாதீங்க. அந்த மூலை எனக்கு நல்லாத் தெரியும். வந்த புதுசுல எனக்குக் கட்டில் கிடையாது. கண்ணாடி ஃப்ரேம் வர்ற அட்டைப்பெட்டியையெல்லாம் நீங்க கடையிலேர்ந்து தூக்கிட்டு வந்து பிரிச்சு விரிச்சீங்க, அது மேலதான் என் மெத்தை. ஒரு வாரத்துல அட்டை நமுத்துப் போகும். அக்கா அதைச் சந்துல வெயில்ல காயப்போடுவா. அட்டையில அச்சடிச்ச கண்ணாடிப் படமெல்லாம் என் முதுகுல இறங்கியிருக்குன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. என் காது மந்தம்தான், ஆனா அந்தச் சிரிப்பு மட்டும் இன்னும் கேக்குது.

உங்கள் மச்சான்


பிப்ரவரி 3

மச்சான்,

சோலி முடிஞ்சுது. இந்த அறை தேறாது.

நீ சொன்னபடியே ஷீட்டை ஸ்கேல் வெச்சு வெட்டினேன், அஞ்சும் ஒரே அளவு, ஒரு நூல் பிசகல. டேப்பை விரலால நீவி நீவி ஒட்டினேன். மூணாம் நாள் பிரிச்சா, அஞ்சுலயும் அடியில தண்ணி முத்து முத்தா நிக்குது. நடு அறையிலகூட. கைல தொட்டா நனையுது. இத்தனை வருஷமா ஒரு கிணத்து மேல குடியிருந்திருக்கோம்.

முறையில ஒரு குத்தம் சொல்ல முடியாது. அன்னிக்குக் காலையிலயே ரெண்டு வாளி தண்ணி ஊத்தி, பிரஷ் போட்டுத் தேய்ச்சு, துடைச்சு எடுத்து, சாயங்காலமே ஒட்டிட்டேன். கழுவாத தரையில உன் அக்கா டேப் ஒட்ட விட்டிருப்பாளா?

தேய்க்கும்போது மஞ்சள் பெயிண்ட் சொட்டு நிறையத் தெரிஞ்சுது. நாம ரெண்டு பேரும் அவ சைக்கிளுக்கு அடிச்சோமே, அது. காயட்டும் காயட்டும்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டோம், கேட்டாளா? கீழ் அறைக்குள்ளயே ஏறி ஒரு ரவுண்டு வந்தா. பாவாடை முழுக்க மஞ்சள். அதுக்குத் திட்டு வாங்கினது நாம. ஏண்டா பெயிண்ட்ல தண்ணி கலக்கலையான்னு உன்னை, கலக்கிட்டீங்களான்னு என்னை. அந்தச் சொட்டை மட்டும் சுரண்டாம விட்டுட்டேன். பலகை போட்டா மூடிடும், தெரியும். இருந்தாலும் கை வரல.

வெயில் காலத்துல மூணு பேரும் அந்தத் தரையில மல்லாந்து கிடப்போம், ஞாபகம் இருக்கா? முதுகு ஜில்லுன்னு இருக்கும். அவ பார்த்த சினிமாக் கதையை முடிவுலேர்ந்து ஆரம்பிச்சுச் சொல்லுவா. அப்ப அந்தக் குளிர் சுகமா இருந்துது.

மத்ததைப் பத்தியும் எழுதியிருந்த. படிச்சேன்.

மாமா


பிப்ரவரி 11

மாமா,

கழுவிட்டு ஒட்டினீங்களா? உங்களை என்னன்னு சொல்றது? ரெண்டு வாளித் தண்ணியைக் குடிச்ச சிமெண்ட் மேல பிளாஸ்டிக்கை மூடிட்டு, வேர்க்குது வேர்க்குதுன்னா வேற என்ன செய்யும்? நாப்பது வருஷத்துல எத்தனையோ விதமான வீட்டுக்காரங்களைப் பார்த்திருக்கேன். இப்படி ஒரு சுத்தக்காரரைப் பார்த்ததில்ல. கடிதத்தைக் கையில வெச்சுக்கிட்டு அவ்வளவு சிரிச்சேன், எதிர் அறைக்காரர் கதவைத் திறந்து பார்த்தார்.

காய விடுங்க. ஃபேன் போடுங்க. நல்லாக் காய்ஞ்ச பிறகு மறுபடி ஒட்டிப் பாருங்க. சுவர் ஓரம் மட்டும் வேர்த்தா, மழைத்தண்ணிக் குழாய் வெளிய எங்க கொட்டுதுன்னு போய்ப் பாருங்க. மருந்து அங்கதான் இருக்கும்.

விரிப்புக்கு ரெண்டு வழி சொல்றேன். ஒண்ணு, தடிமனான பிளாஸ்டிக் ஷீட், அது மேல அந்தத் துணி அழுத்தின விரிப்பு. கீழ யானை நடந்தாலும் மேல கேக்காது. வெள்ளித்தாள் ஒட்டின ஃபோமைப் போடறதா இருந்தா பிளாஸ்டிக் தனியா வேணாம். ரெண்டையும் போட்டா நடுவுல மாட்டிக்கிட்ட ஈரம் போக வழியில்லாம நாறிடும். இன்னொண்ணு, குமிழ் ஷீட்டுன்னு வரும். கெட்டி பிளாஸ்டிக், முட்டை அடுக்கற அட்டை மாதிரி புடைப்பு புடைப்பா இருக்கும். அடியில காத்து இருக்கறதால ஈரமும் ஏறாது, தரையும் குளிராது. அது மேல மெல்லிசா அதுக்குன்னே வர்ற ஃபோம் ஒண்ணு, அவ்வளவுதான்.

ஈரத்துக்குக் குமிழ் ஷீட்தான் கெட்டி. ஆனா அடியில வெத்திடம், நடந்தா டொக்கு டொக்குனு மேல வரைக்கும் கேக்கும். உங்க கட்டில் நேரா அந்த அறைக்கு மேலதான் கிடக்கு. யார் குடிவந்தாலும் உங்களுக்கு நிம்மதி போயிடும். அதனால முதல் வழியே போதும்.

நான் இங்க நல்லாத்தான் இருக்கேன். வீட்டுக்காரம்மா ரெண்டாவது மாடித் திருப்பத்துல ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்காங்க, நான் உக்காந்துட்டு ஏறுறதுக்கு. எனக்காக மட்டும் இல்ல, மத்தவங்களும் உக்காரறாங்க.

படிச்சேன்னு ஒத்தை வார்த்தையில எழுதினா அது பதில் ஆயிடுமா? நான் கேட்டது அப்படியே நிக்குது.

உங்கள் மச்சான்


மார்ச் 2

மச்சான்,

இந்தத் தடவை கழுவல. காய்ஞ்ச பிறகுதான் ஒட்டினேன். நாலு துண்டுக்கு அடியில ஒண்ணுமில்ல, சுவர் ஓரத்துல மட்டும் லேசா வேர்த்திருந்தது. வெளிய போய்ப் பார்த்தா, குழாயோட வளைவு உடைஞ்சு, பெய்யற மழையெல்லாம் சுவருக்கு அடியிலயே இறங்கிக்கிட்டு இருந்திருக்கு. மாத்தியாச்சு. உன் அட்டையெல்லாம் நமுத்துப் போனது அந்தக் குழாயாலதானோ என்னவோ.

விரிப்பு வாங்கிட்டேன். குமிழ் ஷீட். திட்டறதுக்கு முன்னாடி முழுசா படி.

சத்தம் கேக்கும்னு எழுதியிருந்த. கேக்கட்டும்னுதான் வாங்கினேன். இந்த வீட்டுல இப்ப என்ன சத்தம் இருக்குன்னு நினைக்கற? ஃப்ரிட்ஜ் உறுமுது, நான் கரண்டியைக் கீழ வெக்கறேன், முடிஞ்சுது. அப்பல்லாம் அவ மேல் படியில நின்னுக்கிட்டு ஊர்க்கதை பேசுவா, நீ கீழேயிருந்து எதிர்க்கதை பேசுவ, நடுவுல நான் கொஞ்சம் அடங்குங்களேன்னு கத்துவேன். ஒரு நாளாவது இந்த வீடு அடங்கினா போதும்னு இருந்தேன். அடங்கிடுச்சு. என்னால தாங்க முடியல மச்சான். கீழ ஒரு ஆள் நடக்கறது எனக்குக் கேக்கணும். உனக்கு எப்படியும் கேக்கப் போறதில்ல, உனக்கென்ன கஷ்டம்?

இப்ப நீ கேட்டதுக்கு வரேன். என்ன எழுதறதுன்னு தெரியாமதான் படிச்சேன்னு எழுதினேன். என்னைக் கட்டிக்கும்போது உன் அக்கா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. என் தம்பிக்கு யாரும் இல்ல, அவனும் என்கூட வருவான்னா. சரின்னேன். அது அவளுக்காகச் சொன்ன சரி, இல்லேங்கல. கல்யாணம்னா ரெண்டு பெட்டியும் ஒரு மச்சினனும்னு கடையில கிண்டல் பண்ணாங்க. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன்.

அப்புறம் ஒரு தடவை நீ பெரிய கட்டட வேலைன்னு வெளியூர் போயிட்ட. அந்த மாசம் பூரா, கடையிலேர்ந்து வந்து சட்டையைக் கழட்டறதுக்கு முன்னாடி கீழ் அறையை எட்டிப் பார்ப்பேன். நீ இல்லைன்னு தெரியும். தெரிஞ்சே பார்ப்பேன். அவகிட்டகூட நான் இதைச் சொன்னதில்ல. அவளுக்காகன்னு ஆரம்பிச்சது எப்ப மாறிச்சுன்னு எனக்கே தெரியாது.

போன வாரம் குமிழ் ஷீட்டை வண்டியிலேர்ந்து இறக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் வந்து நின்னார். கீழ வாடகைக்கு விடறீங்களான்னு கேட்டார். "இல்லீங்க, எங்க வீட்டுப் பையன் வரான்"னேன். யோசிச்சுச் சொல்லல, வாயில வந்தது அதுதான். அறுபதைத் தொடப்போறவனைப் பையன்னுட்டோமேன்னு அப்புறம்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கல. எப்ப வரார்னு மட்டும் கேட்டார். நான் என்ன சொல்லட்டும்?

மாமா


மார்ச் 9

மாமா,

உங்க கடிதத்தை மாடிப்படியிலயே உக்காந்து படிச்சேன். நீங்க தேய்ச்சுக் கொடுத்த லென்ஸ் சரியில்ல, கடைசிப் பக்கம் ஒரே மங்கல்.

தரை போட வரேன். இருக்க வரேன்னு நான் சொல்லல. குமிழ் ஷீட்டை உங்ககிட்ட விட்டா தலைகீழா விரிச்சு வெப்பீங்க, அதான். புடைப்பு கீழ பார்த்து இருக்கணும். பலகைப் பெட்டிகளைப் பிரிக்காம, நிக்க வெக்காம, அந்த அறையிலயே படுக்கப் போட்டு வைங்க. அந்த இடத்துச் சூட்டுக்கு ரெண்டு நாள் பழகணும், இல்லேன்னா பின்னாடி உப்பிக்கும். சுவர் ஓரத்துல விரல் அகலம் இடைவெளி விடறதுக்கு ஆப்புக்கட்டை நானே கொண்டு வரேன். எதையும் கழுவி வெக்காதீங்க.

முட்டி போட்டு வேலை செஞ்சு ரொம்ப நாள் ஆச்சு. மெதுவாத்தான் ஆகும், பரபரன்னு நிக்காதீங்க. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டா, பையன் வேலைக்கு வரான், முடிஞ்சதும் கிளம்பிடுவான்னு சொல்லுங்க.

உங்கள் மச்சான்


ஏப்ரல் 6

மச்சான்,

இது என்ன நியாயம்?

நான் காய்கறி வாங்கப் போயிட்டு வர்றதுக்குள்ள பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்ட. சரி, சொல்லிட்டுப் போனா நான் விடமாட்டேன்னு தெரிஞ்சு நீ போயிட்டன்னு வெச்சுக்கறேன். கீழ போய்ப் பார்த்தா, ஜன்னல் சுவர் ஓரத்துல கடைசி வரிசையைக் காணோம். சுவர் நீளத்துக்கும் ஒரு பலகை அகலம், குமிழ் ஷீட் கறுப்பா தெரியுது. மத்த இடமெல்லாம் கண்ணாடி மாதிரி போட்டிருக்க. அங்க மட்டும் என்ன வந்தது?

முட்டி முடியலையா? முடியலைன்னா சொல்லியிருக்கலாமே, நான் குனிய மாட்டேனா? இல்ல, அளவு எடுக்கறேன்னு உன் டேப்பை நான் ரெண்டு தடவை பிடுங்கினேனே, அந்தக் கோபமா? நீ பென்சிலைக் காதுல சொருகிக்கிட்டே பென்சில் எங்கன்னு தேடினப்போ சிரிச்சதுக்கா?

நேத்து வேற ஆளைக் கூப்பிட்டேன், அதையும் சொல்லிடறேன். வந்தவன் குனிஞ்சு பார்த்தான், தட்டிப் பார்த்தான். போட்டவரே வந்து முடிக்கட்டும், இதுல நான் கை வெக்க மாட்டேன்னுட்டுப் போயிட்டான்.

நீ இருந்த அந்த நாளெல்லாம் நான் வேணும்னே மேல போய் உக்காந்துப்பேன். நீ நடப்ப, டொக்கு டொக்குனு வரும். சுத்தியல் சத்தம் வரும். நடுவுல நின்னுட்டா நீ முட்டியைத் தேய்ச்சுக்கறன்னு புரிஞ்சுப்பேன். பேப்பரைக் கையில பிடிச்சிருப்பேன், ஒரு வரி ஓடாது. அவ இருந்தா, என்னங்க சும்மா உக்காந்துக்கிட்டு சிரிக்கறீங்கன்னு கேட்டிருப்பா.

இப்ப மறுபடியும் ஃப்ரிட்ஜ்தான். எனக்குக் கோபம் வருது மச்சான். அழுகையும் வருது. பாதியில விட்டுட்டுப் போனது ஏன்னு மட்டும் எழுது.

மாமா


ஏப்ரல் 14

மாமா,

வேற ஆளைக் கூப்பிட்டீங்களா? கை வெக்காம போனானே, அவன் பொழைச்சான்.

முட்டிக்கு ஒண்ணுமில்ல. உங்க மேல கோபமும் இல்ல. கடைசி வரிசைக்கான பலகையெல்லாம் அறுத்து, கதவுக்குப் பின்னாடி வரிசையா சாத்தி வெச்சிருக்கேன். ஸ்கேல் எடுத்துக்கிட்டுச் சுத்தற ஆளு, அதைப் பார்க்கலையா? எடுத்து மாட்டினா அரை மணி வேலை.

எங்க தொழில்ல ஒண்ணு உண்டு. கடைசி வரிசை இறங்கினதும் சாமானைக் கட்டிக்கிட்டு வெளிய வந்துடணும். அதுக்கப்புறம் அந்த வீட்டுல தரைக்காரனுக்கு ஜோலி கிடையாது. எத்தனையோ வீட்டுக்குத் தரை போட்டிருக்கேன். நான் போட்ட தரை மேல ஒரு நாள்கூட நான் செருப்பைக் கழட்டிட்டு நடந்ததில்ல. அப்படித்தான் இதையும் நினைச்சு வந்தேன். போட்டுட்டுப் போயிடலாம்னு.

அன்னிக்கு நீங்க காய்கறி வாங்கக் கிளம்பினீங்க. கடைசி வரிசையோட முதல் பலகையைக் கையில எடுத்தேன். இதை மாட்டிட்டா இதுவும் நான் வேலை செஞ்ச வீடுகள்ல ஒண்ணு ஆயிடும்னு தோணிச்சு. கை ஓடல மாமா. சாத்தி வெச்சுட்டு வந்துட்டேன். வந்த நாள்லேர்ந்து இங்க எதுலயும் மனசு நிக்கல.

அறையைக் காலி பண்றேன்னு வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லிட்டேன். எங்க போறீங்கன்னு கேட்டாங்க. எங்க வீட்டுக்குன்னேன்.

சனிக்கிழமை வரேன். கட்டிலை நீங்க தனியா தூக்காதீங்க, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்குங்க. கடைசி வரிசையை யாரும் தொடக் கூடாது. அது உங்க கண்ணை உறுத்தும்னு தெரியும், உறுத்தட்டும். அதை நான் போடறதா இல்ல.

உங்கள் மச்சான்